கண்டியில் எரிந்த கட்டடங்கள்: ஒரு திகதிக்கு அப்பாலும் இப்பாலும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் தீயில் அழிந்த வரலாற்றுக் கட்டடங்கள் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாரிஸ் நோத்ர தாம் பேராலயம். 2019 ஏப்ரல் 15ஆம் திகதி மாலை அதன் ஓக் மரக் கூரை எரிந்து கோபுர ஊசி சரிந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 31 விடியற்காலையில் ஒக்கினாவாவின் ஷுரி கோட்டை எரிந்தது. நம்மவர்களுக்கு இவற்றையெல்லாம் முந்திக்கொண்டு வருவது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அந்தத் தீயைப் பற்றித் தமிழில் கவிதையும் கதையும் ஆய்வும் ஏராளமாக வந்துவிட்டன. இன்று நான் அதற்குள் போகவில்லை. நாம் கூடியிருக்கிற இந்தக் கண்டி எத்தனை தடவை எரிந்தது, எந்தத் தீயை நாம் வரலாறு என்கிறோம், எதைப் பத்திரிகையின் உள்பக்கச் செய்தியோடு விட்டுவிடுகிறோம் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

வாவிக்கரையில் நின்று பார்க்கிற சுற்றுலாப் பயணிக்குக் கண்டி என்றென்றும் இப்படியே இருந்த நகரமாகத் தெரியும். வாவியே 1807இல் தொடங்கி 1812 வரை வெட்டப்பட்டதுதான். நீரோரத்து அலைமதிலும் தலதா மாளிகை முகப்பின் எண்கோண மண்டபமும் வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தவை, தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் இந்த நகரம் எரிந்ததும் எழுந்ததும் மாறி மாறி நடந்திருக்கின்றன. 1611இல் போர்த்துக்கேயத் தளபதி அசவேது நகருக்குள் வந்து தீ வைத்தான். 1629இல் கொன்ஸ்தந்தீனு த சா வந்து எரித்தான். 1638 மார்ச்சில் தியோகு த மெலோ வந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அவனும் எரித்துவிட்டுத் திரும்பினான். மார்ச் 28ஆம் திகதி கன்னொறுவைக் குன்றருகே இரண்டாம் இராஜசிங்கனின் படை அவனை வளைத்துக்கொண்டது. அந்தப் படையில் உயிரோடு மீண்டவர் மிகச் சிலர். இன்று கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் வயல்கள் இருக்கின்றன. ஆற்றுக்கு இந்தப்பக்கம் பேராதனைப் பூங்கா.

அந்த வெறிச்சோடிய நகரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்டியரசுக்கு நகரத்தைக் காப்பது போர்த்தந்திரமே அல்ல. எதிரி மலையேறி வருகிறான் என்றால் அரசன், அந்தப்புரம், கருவூலம், எல்லாவற்றுக்கும் மேலாகப் புனித தந்ததாது, இவை முதலில் வெளியேறும். தும்பறைக் காட்டுக்கு அப்பால் மெதமகாநுவர, மகாவலிக்குத் தெற்கே ஹங்குராங்கெத்த என்று ஒதுங்கும் இடங்கள் இருந்தன. எதிரிக்குக் கிடைப்பது ஆளில்லாத தெருக்கள். அவன் ஆத்திரத்தில் எரிப்பான். அரிசி தீரும், மழை பிடிக்கும், காய்ச்சல் வரும்; திரும்பும் வழியில் கணவாய்களில் கண்டிப்படை காத்திருக்கும். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் வந்து கொள்ளையடித்தபோதும் இதே கதைதான். விட்டுப்போன காவற்படை ஆகஸ்ட் மாதத்துக்குள் பின்வாங்கியது. வான் எக் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே கொழும்பில் செத்துப்போனான்.

1803இல் தீ வைத்த கை மாறியது. பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவல் பிரித்தானியப் படையோடு நுழைந்தபோது, வெளியேறியவர்களே மூட்டிவிட்டுப் போன தீ அரண்மனையில் எரிந்துகொண்டிருந்தது. எரிக்க வந்தவர்கள் அணைக்க ஓடினார்கள். வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகள் அரிது. அணைத்தும் பயனில்லை. ஜூன் 24இல் மேஜர் டேவியின் காவற்படை சரணடைந்து, வட்டபுலுவை ஆற்றங்கரையில் கொல்லப்பட்டது.

இப்படி எரியக் கொடுப்பதற்கு ஏற்றபடிதான் நகரமும் கட்டப்பட்டிருந்தது. 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்த ரொபர்ட் நொக்ஸ் குடிமக்களின் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறான்: கம்பும் மண்ணும் சேர்த்த சுவர், வைக்கோல் அல்லது கிடுகுக் கூரை, ஒரே தளம். ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் சாதாரண மக்களுக்கு அனுமதி இல்லை. அவை அரசனுக்கும் ஆலயத்துக்கும் உரியவை. இந்தக் கட்டுப்பாட்டைப் பலர் அந்தஸ்தின் அடையாளமாக மட்டும் விளக்குகிறார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஊரே கூரைப்புல்லும் மண்ணுமாக இருந்தால் எரிய ஒரு மணி நேரம், திரும்பக் கட்ட ஒரு மழையற்ற மாதம். எதிரிக்குக் கிடைக்கும் வெற்றி புகையோடு முடிந்துவிடும்.

தலதா மாளிகையும் இந்தக் கணக்குக்குள்தான் வந்தது. முதலாம் விமலதர்மசூரியன் இரண்டு தளமாகக் கட்டினான். பின்னால் இரண்டாம் விமலதர்மசூரியன் மூன்று தளமாக எழுப்பினான். நரேந்திரசிங்கன் மறுபடி இரண்டு தளமாக்கினான். நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திருத்தினான். பக்தர்களைப் பொறுத்தவரை தாது இருக்கும் இடம் மாளிகை. கட்டடம் அதற்கு உடுத்திய ஆடை. ஆடை எரிந்தால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த அரசர்களின் மனநிலை. இன்றைய பாதுகாப்பு நிபுணர் இதைக் கேட்டால் பதறிப்போவார்.

அப்படியானால் கல்லில் கட்டியிருந்தால் என்ன என்று மாணவர் யாராவது கேட்கலாம். கட்டியும் இருக்கிறார்கள். தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டுக் கல்வேலை, நகரத்தின் மிகப் பழைய கட்டடம். இத்தனை தீக்கும் அது சாட்சி. உடுநுவரைப் பக்கம் போனால் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரை இருக்கிறது. கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. உள்ளே நுழைந்தால் தென்னாட்டுக் கோயில் அர்த்தமண்டபத்தில் நிற்கிற உணர்வு வரும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் எம்பெக்கே தேவாலயம், முழுக்க முழுக்க மரத்தூண்கள். ஒவ்வொரு தூணிலும் அன்னம், மல்லர், நர்த்தகி. கைவிடப்பட்ட அரச மண்டபம் ஒன்றிலிருந்து கம்பளைக் காலத்துத் தூண்கள் அங்கே கொண்டுவரப்பட்டன என்பது ஊர் வழக்கு. கண்டியின் மகுல் மடுவத்துத் தூண்களும் மரம்தான். 1783இல் இராஜாதி இராஜசிங்கன் தொடங்கிய சபாமண்டபம் அது. படை வந்துபோன தலைநகரின் நடுவில் நின்ற மகுல் மடுவத்து மரமும் தப்பியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல் எரியாது என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. கண்டி நாயக்க மன்னர்களின் உறவுகள் வந்த மதுரையில், 2018 பெப்ரவரி 2ஆம் திகதி இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. மண்டபத்துக்குள் வரிசையாகக் கடைகள். பிளாஸ்டிக் சாமான், துணி, கற்பூரம், எண்ணெய். கடைகள்தான் எரிந்தன, ஆனால் விழுந்தது கல். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் மணிகள் 573 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திடீரென்று விரிகின்றன. பக்கத்திலிருக்கும் மற்றத் தாதுக்கள் அதே அளவில் விரிவதில்லை. கல் தன்னைத் தானே உள்ளிருந்து உடைத்துக்கொள்கிறது. சூடேறிய கல்லில் தண்ணீர் பட்டால் மேலும் வெடிக்கும். உத்திரங்கள் முறிந்தன, தூண்களின் பட்டைகள் பெயர்ந்தன. எத்தனையோ படையெடுப்புகளைக் கண்ட கோயிலில் ஒரு மண்டபத்தை வீழ்த்தக் கடைச் சாமான் போதுமாயிருந்தது.

இனித் தலைப்பில் நான் சொன்ன திகதிக்கு வருகிறேன். 1815 மார்ச் 2. மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாள். பிரதானிகள் சிலர் அதில் தமிழ், கிரந்த எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கண்ணுசாமி என்று பிறந்து ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக ஆண்டவன் அதற்கு முன்பே பிடிபட்டிருந்தான். 1832இல் வேலூரில் இறந்தான். இந்தத் திகதி நமது சட்டத்துக்குள்ளும் ஒரு வேலி போட்டிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், புராதனச் சின்னம் எது என்பதற்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2. அதற்கு முன் கட்டியது தன்னியல்பாகவே புராதனம். பின்னால் கட்டியதையும் தனிக் கட்டளையிட்டுச் சேர்க்க வழி உண்டு. ஆனால் அதற்கு யாராவது எழுத வேண்டும், யாராவது கேட்க வேண்டும், யாராவது கையெழுத்திட வேண்டும்.

மலையகத் தமிழர் இந்த வேலியின் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பிக்காகக் கூலிகள் கொண்டுவரப்பட்டது 1820களில். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டது 1867. நம் முன்னோர் இந்த மலையில் கட்டியதும் குடியிருந்ததும் முழுவதும் வேலிக்கு இந்தப்பக்கம். சட்டத்தை எழுதியவர்கள் நம்மைக் குறிவைத்து எழுதியதாக நான் சொல்லவில்லை. அரசாட்சி முடிந்த நாளைப் பழமை முடிந்த நாளாகக் கொண்டார்கள், அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான்.

இந்தப்பக்கத்துத் தீக்கள் வேறு மாதிரியானவை. காசில் ஹில் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1915 மே மாத இறுதியில், வெசாக் ஊர்வலத்தை ஒட்டி, முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் தொடங்கியது அங்கேதான். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் அது கண்டியைக் கடந்து பரவி இராணுவச் சட்டம் வரை போயிற்று. 1983 ஜூலை 26 பிற்பகல், பெற்றோல் போத்தல்களோடு வந்த கூட்டம் தமிழர் கடைகளை எரித்த தெருக்களில் மறுபடியும் காசில் ஹில் வீதி இருந்தது. கூடவே பேராதனை வீதி, கொழும்பு வீதி, கிங்ஸ் வீதி, திருகோணமலை வீதி. கூட்டம் பிறகு கம்பளைக்கும் போயிற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் அந்த நாட்களில் தீ வைப்புக்குத் தப்பவில்லை. இன்று 108 அடி இராஜகோபுரத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. 2018 மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கைத்தொலைபேசி வழியாகப் பரவிய வெறுப்புக்குத் தங்கள் தளம் உதவியதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

போர்த்துக்கேயன் எரித்தபோது ஊர் காலியாக இருந்தது. தங்களுக்கு முக்கியமானதைத் தூக்கிக்கொண்டு போக மலை இருந்தது. காசில் ஹில் வீதிக் கடைக்காரருக்கு அப்படி ஒரு மலை இல்லை. கணக்குப் புத்தகம், அடகு நகை, மாடியில் குடும்பம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கடைகளில் சில நூறாண்டு பழையவையாகவும் இருந்திருக்கும். முன்னே மரத்தூண் திண்ணை, மேலே பலகைத் தட்டு, பின்னே சரக்கறை என்று தென்னிந்தியச் செட்டிமார் தெருக்களை நினைவூட்டும் அமைப்பு. அவை எரிந்தபோது பட்டியலில் எழுதப்பட்டது இழப்பீட்டுத் தொகை மட்டும். யாரும் கட்டட வரைபடம் கேட்கவில்லை.

தமிழன் இந்த ஊரில் நின்று தீயைப் பற்றிப் பேசினால் 1998 ஜனவரி 25ஐத் தாண்டிப் போக முடியாது. விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை அன்று தலதா மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கூரையும் முகப்பும் நுழைவாயில் சிற்பங்களும் சிதைந்தன. பத்து நாளில் நடக்கவிருந்த ஐம்பதாவது சுதந்திர விழா கொழும்புக்கு மாறியது. உலக மரபுரிமைப் பட்டியலில் 1988 முதல் இருந்த நகரத்தின் நெஞ்சில் விழுந்த அடி அது. என் பெயரால் செய்யப்பட்ட அந்தக் காரியத்தை நான் எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன். அடுத்த நாட்களில் இந்த ஊர்த் தமிழர்கள் கடைக்குப் போகவும் அஞ்சினார்கள். மாளிகை மக்கள் தந்த காசில் திருத்தப்பட்டு 1999 ஆகஸ்டில் மறுபடி திறந்தது. வெடிப்பில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்து கண்டிக்காலச் சுவரோவியங்கள் தலைகாட்டின. இவ்வளவு பெரிய கேட்டிலிருந்தும் பாதுகாப்பாளர்கள் ஓர் அறிவைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டு, படம்பிடித்து, சேர்த்தார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பதன் பலன் இதுதான்.

இந்தப்பக்கத்திலேயே மிகச் சத்தமில்லாமல் எரிவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம். “மின் ஒழுக்கு காரணமாக லயன் குடியிருப்பில் தீ, இத்தனை குடும்பங்கள் நிர்க்கதி” என்று ஆண்டுக்குப் பலமுறை வாசிக்கிறோம். தோட்டத்தின் பெயரும் குடும்பங்களின் தொகையும் மட்டும் மாறும். அது ஏன் ஒரு வீட்டோடு நிற்பதில்லை? லயம் என்பது ஒரே முகட்டின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது அறைகள். இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. காம்பரா ஒன்று ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலான சுவர் தலைமட்டத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் தகரக்கூரை வரைக்கும் வெட்டவெளி. நூறாண்டுப் புகையும் கரியும் படிந்த கைமரங்கள் நீளத்துக்கு ஓடுகின்றன. ஒரு முனையில் அடுப்புப் பொறியோ வயரோ பற்றிவிட்டால், கூரைக்கடியில் ஓடும் காற்றுக்குக் குகைப்பாதை கிடைத்த மாதிரி. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து தோட்டப்பாதையில் ஏறி வருவதற்குள் முகடு இறங்கிவிடும்.

ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையும் அப்படித்தான். மேல்மாடிகளில் கொழுந்து வாட்டும் தட்டுகள், மரத்தளம், கீழே விறகில் எரியும் உலர்த்தி, எங்கும் காய்ந்த தூள். ஹந்தானையில் பழைய ஸ்டோர் ஒன்றைத் தேயிலை நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். இயந்திரங்களைப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள், பார்க்க வேண்டிய இடம். அந்த இயந்திரத்தை ஓட்டியவர் தூங்கிய காம்பராவைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஆக்கியது.

லயம் எரியும்போது எரிவது கூரை மட்டுமல்ல. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் இது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் முன்னோரைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது. 2003இல் வந்த சட்டம், அந்த 1964 திகதி முதல் இங்கே வாழ்ந்தவருக்கும் அவர் வழி வந்தவருக்கும் குடியுரிமை தந்தது. வாழ்ந்ததைக் காட்டக் கடதாசி வேண்டும். பிறப்புச் சான்று, பழைய துண்டுச்சீட்டு, பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம் என்று எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் அடங்கி, கட்டிலுக்கடியில் கிடக்கும். தீ என்று கூச்சல் கேட்டால் எங்கள் பாட்டிமார் முதலில் பிள்ளையை இழுப்பார்கள், இரண்டாவது அந்தப் பெட்டியை. கண்டியரசன் தாதுவை முன்னால் அனுப்பிவிட்டு ஊரை விட்டுப்போன விவேகத்துக்கும் இதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. அவனுக்கு யானையும் முன்னறிவிப்பும் இருந்தன.

“அப்படியானால் லயங்களைப் பாதுகாக்கச் சொல்கிறீர்களா” என்று கேட்பீர்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். லயத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர் மழைக்காலத்தில் ஓர் இரவு அதில் படுத்தவராக இருக்க மாட்டார். தனி வீடு கேட்டு நம் மக்கள் நடத்திய போராட்டம் நியாயமானது. வீடு வந்த தோட்டங்களில் லயத்தை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன் அளந்துகொள்ளலாம். எந்தக் காம்பராவில் எந்த ஊர்க்காரர் இருந்தார், கோயில் கல் எங்கே இருந்தது, சுவரின் பழைய சுண்ணாம்பு எத்தனை அடுக்கு என்று பேராதனையிலும் பிற இடங்களிலும் படிக்கிற பிள்ளைகள் பதிந்துவைக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு லயத்தையாவது, 1815க்குப் பிந்தியதையும் சேர்க்கிற அந்த வழியைப் பயன்படுத்தி, பட்டியலில் ஏற்றக் கேட்கலாம். விண்ணப்பம் எழுத நம்மிடம் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை.

மற்றது, இன்னும் லயத்தில் குடியிருக்கிறவர்களின் காரியம். அதற்கு விண்ணப்பமும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம். ஐந்து காம்பராவுக்கு ஒரு குறுக்குச்சுவரையாவது தகரம் வரைக்கும் உயர்த்திக் கட்டி இடைவெளியை அடைத்தால், தீ அந்தப் பாதியோடு தடைப்படும். மறுபாதிக்காரருக்குப் பெட்டியை எடுக்க நேரம் கிடைக்கும். வயரை மாற்றுவது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு, அதைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சுவருக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து என்று எந்தத் தோட்டத்துக் கொத்தனாரும் நின்ற இடத்திலேயே கணக்குச் சொல்லிவிடுவார். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் எத்தனை சுவர் எழும் என்று அவரைக் கூப்பிட்டே கேட்கலாம்.